இரண்டாம் டிகாஷன்

எங்கள் கும்பகோணத்து வீட்டில் முதல் டிகாஷன் ஆண்களுக்கு உரியது. தாத்தா, அப்பா, ஊரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை, திண்ணையில் வந்து உட்காரும் விருந்தாளி என்று அதற்கொரு வரிசை உண்டு. ராத்திரியே பித்தளை பில்டரில் தூளைப் போட்டு, மேலே தட்டை வைத்து அமுக்கி, கொதிநீரை ஊற்றி வைத்துவிடுவாள் அம்மா. விடியும்போது அடிப்பாத்திரத்தில் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் இறங்கியிருக்கும். அது வரிசைப்படி போய் முடிந்ததும் அதே தூளின் மேல் மறுபடி வெந்நீர் விடுவாள். நிறம் வெளுத்து, மணம் குறைந்து இறங்குமே, அதுதான் இரண்டாம் டிகாஷன். பாட்டிக்கும் அத்தைக்கும் அம்மாவுக்கும் அதுதான். பிள்ளைகளுக்குக் காப்பியே கிடையாது. “காப்பி குடிச்சா கறுத்துப் போயிடுவே” என்று சொல்லிப் பாலைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வரிசையைச் சின்ன வயதிலேயே நான் வெறுத்தேன். இன்றும் அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொட்டை வறுத்து, கை மெஷினில் அரைத்து, பில்டர் போட்டவளுக்கு மிஞ்சிய தூளின் சாறு என்பது அநியாயம். ஆனால் அந்த அநியாயம் அம்மாவின் உடம்புக்கு ஒரு நன்மையையும் செய்துகொண்டிருந்தது. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, அம்மா உட்பட.

தாத்தாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு டம்ளர் காப்பி வேண்டும். குடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு படுப்பார். அரை நாழிகையில் குறட்டை. “காப்பி குடிச்சா தூக்கம் வராதுங்கிறதெல்லாம் சும்மா. உழைச்ச உடம்பு தூங்கும்” என்பார். எண்பதைத் தாண்டியும் அப்படியே இருந்தார். வீட்டில் காப்பியைப் பற்றிய சட்டம் எல்லாம் அவர் உடம்பிலிருந்து பிறந்தவை. அத்தைக்கும் அதே உடம்பு. ஆகவே தூக்கம் வராதவர்களின் கோளாறு காப்பியால் இல்லை, மனசால் என்று தீர்ப்பாகிவிட்டது.

தூக்கம் வராதவள் அம்மா. எல்லா ராத்திரியும் இல்லை. விருந்தாளிகள் வந்து முதல் டிகாஷன் மிஞ்சிப்போன நாளிலும், கல்யாண வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் போல அவளுக்கும் கெட்டிக் காப்பி கிடைத்த நாளிலும் அவள் விடிய விடிய விழித்திருப்பாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பாள். கல்யாண வீட்டில் அதற்குப் பெயர் “புது இடம்”. சொந்த வீட்டில் “கவலைப்படற புத்தி”. அத்தை அவளுக்கு ராக்கோழி என்று பட்டமே கட்டியிருந்தாள். “தூக்கம் வரலேன்னா சாமி பேரைச் சொல்லிக்கிட்டுப் படு” என்று பாட்டி சொல்வாள். அம்மா சாமி பேரைச் சொல்லிக்கொண்டு விழித்திருந்தாள்.

நம் மூதாதையர் அனுபவத்தில் கண்டது பொய்யாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. காப்பி விஷயத்தில் நம் அனுபவத்துக்கே வயசு குறைவு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரை நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: தமிழ் வீடுகளுக்குள் காப்பி பரவலாக நுழைந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேலேதான் ஆகிறது. நீராகாரத்தை அது தள்ளிவிட்டு உட்கார்ந்தபோது, உடம்பைக் கெடுக்கும் என்று ஊரெல்லாம் புலம்பல் எழுந்தது. தாத்தாவின் தாத்தா காப்பியைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். யாருக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த அறிவு எதுவும் நம்மிடம் இருக்கவில்லை. இருந்தது தாத்தாவின் உடம்பு ஒன்றுதான்.

காப்பிக்குள் இருக்கும் கஃபீன் மூளைக்குப் போய் என்ன செய்கிறது என்பது இப்போது தெளிவு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும். அது தன் ஏற்பிகளில் போய் ஒட்டும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. கஃபீன் அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு அடினோசினை ஒட்டவிடாமல் தடுக்கிறது. பிறகு ரத்தத்திலிருந்து கஃபீனை அகற்றும் வேலை கல்லீரலுக்கு. அங்கே சிஒய்பி1ஏ2 என்ற ஒரே நொதிதான் ஏறக்குறைய 95 சதவீத வேலையைச் செய்கிறது. இந்த நொதிக்கான மரபணுவில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து சிலருக்கு ‘ஏ’ என்றும் சிலருக்கு ‘சி’ என்றும் அமைந்திருக்கும். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ‘ஏ’ வந்திருந்தால் வேகமாகக் கரைப்பவர். ஒரு பக்கத்திலிருந்தாவது ‘சி’ வந்திருந்தால் மெதுவாகக் கரைப்பவர்.

சராசரி மனிதருக்குக் குடித்த கஃபீனில் பாதி வெளியேற ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆனால் சராசரி மனிதர் யார் வீட்டிலும் இல்லை. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். சிலருக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால், மூன்று மணி நேரக்காரருக்கு ராத்திரி 11 மணிக்குக் கால் பங்குதான் மிச்சம். பத்து மணி நேரக்காரருக்கு விடியற்காலை 3 மணிக்கும் அரை டம்ளர் காப்பி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே அடுப்பு, ஒரே பில்டர், பக்கத்துப் பக்கத்துப் பாய். ஒருவர் தூங்குகிறார், ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் கவலைப்படற புத்திக்கு என்ன வேலை?

அப்பாவின் கதை வேறு. அவர் காப்பிக்கு முன்னும் பின்னும் சிகரெட் பிடிப்பவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததும் ஒரேயடியாக விட்டார். சாதாரண வைராக்கியம் இல்லை அது. அடுத்த வாரமே கை நடுங்க ஆரம்பித்தது. டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது காப்பி மடியில் சிந்தும். தூக்கம் போயிற்று, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். “சிகரெட்டை விட்ட ஏக்கம், போகப் போகச் சரியாயிடும்” என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. சிகரெட் புகையில் உள்ள சில கரிமப் பொருள்கள் அதே சிஒய்பி1ஏ2 நொதியைக் கல்லீரலில் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. புகைப்பவர்கள் கஃபீனை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகக் கரைத்துவிடுவார்கள். சிகரெட்டை விட்ட சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். குடிக்கும் காப்பி மட்டும் குறையாது. ரத்தத்தில் கஃபீன் இரண்டு மடங்காக ஏறும். அப்பாவின் மரபணுவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவர் காப்பியும் மாறவில்லை. ஆனாலும் அது அவருக்கு வேறு காப்பியாகிவிட்டது. சிகரெட்டை விடும்போது காப்பியையும் பாதியாக்குங்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் அவருக்கு இவ்வளவு கொடுமையாகக் கழிந்திருக்காது. புகையை விடும் ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டிய வார்த்தை அது. இன்றும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

சிகரெட்டும் காப்பியும் இப்படிக் கைகோத்துத் திரிந்ததால் ஏமாந்தது எங்கள் வீடு மட்டும் இல்லை, மருத்துவ உலகமும்தான். 1981இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காப்பிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். பிந்தைய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 1991இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற ஐயப்பட்டியலில் காப்பியைச் சேர்த்தது. நிறையக் காப்பி குடிப்பவர்கள் நிறையப் புகைப்பவர்களாகவும் இருந்தார்கள். ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுந்தது. 2016இல் அதே முகமை காப்பியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எந்தப் பானமானாலும் 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்பதை மட்டும் சொன்னது. கொதிக்கக் கொதிக்க அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இது முக்கியமான எச்சரிக்கை. இரண்டு ஆற்று கூடுதலாக ஆற்றினால் தீர்ந்தது. அன்று ‘ஈரல் வெந்துபோகும்’ என்று எங்களைப் பயமுறுத்தினார்கள். இன்று காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் இறுக்க நோய் குறைவாகவே காணப்படுகிறது என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வருகிறது.

சரி, மரபணுவுக்கும் நோய்க்கும் என்ன? 2006இல் வந்த கோஸ்டாரிகா ஆய்வுதான் இந்தக் கேள்வியை எல்லோர் வாயிலும் போட்டது. காப்பி விளையும் நாடு, காப்பி குடிக்கும் ஜனங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அகமது எல்-சொஹேமியும் கூட்டாளிகளும் முதல் மாரடைப்பிலிருந்து பிழைத்த 2,014 பேரையும், மாரடைப்பு வராத அதே எண்ணிக்கையினரையும் எடுத்துக்கொண்டு, மரபணுவையும் காப்பிக் கணக்கையும் ஒப்பிட்டார்கள். மெதுவாகக் கரைப்பவர்கள் தினம் நான்கு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தால், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட மாரடைப்பு வாய்ப்பு 64 சதவீதம் கூடியிருந்தது. வேகமாகக் கரைப்பவர்களுக்கு அப்படி எதுவும் கூடவில்லை. 59 வயதுக்குக் குறைந்தவர்களில், அளவாகக் குடித்த வேகக்காரர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. இருவரையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் இது எதுவும் கண்ணில் படாது. ஒருத்தருக்கு நல்லது, ஒருத்தருக்குக் கெட்டது. கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை என்று வந்துவிடும்.

இத்தாலியில் லேசான ரத்த அழுத்தம் உள்ள இளைஞர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்விலும் இதே வேறுபாடு தெரிந்தது. 2009இல் ரத்த அழுத்தத்தில் அதைக் கண்டார்கள். 2023இல் சிறுநீரகத்தில் கண்டார்கள்: தினம் மூன்று கோப்பைக்கு மேல் குடித்த மெதுக்காரர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசியும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேலாக இருந்தது, அதே அளவு குடித்த வேகக்காரர்களுக்கு இல்லை.

இத்தோடு நிறுத்தினால் கதை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. 2018இல் பிரிட்டனின் உயிர்வங்கியில் ஏறத்தாழ 5 லட்சம் பேரின் விவரத்தை வைத்துப் பார்த்தபோது, காப்பி குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். மெதுவாகக் கரைக்கும் மரபணு உள்ளவர்களும் அப்படியே. மறு வருஷம் அதே உயிர்வங்கியை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தினம் ஆறு கோப்பைக்கு மேல் போனால் இதய நோய் 22 சதவீதம் கூடுகிறது என்றும், அதில் மரபணு எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்றும் சொன்னார்கள். அந்த உயிர்வங்கியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இந்த முரணுக்கு ஒரு காரணம் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. மனிதர்கள் தங்கள் உடம்பைக் கேட்டுத்தான் குடிக்கிறார்கள். 1,20,000க்கும் அதிகமான காப்பிப் பிரியர்களின் மரபணுக்களைத் துழாவிய 2014ஆம் வருஷ ஆய்வில், எவ்வளவு காப்பி குடிக்கிறோம் என்பதோடு தொடர்புள்ளவையாக முன்னால் வந்து நின்றவற்றில் இந்தக் கரைக்கும் மரபணுவும் உண்டு. வேகமாகக் கரைப்பவர் இன்னொரு டம்ளர் கேட்கிறார். மெதுவாகக் கரைப்பவர் போதும் என்று டம்ளரைக் கவிழ்க்கிறார். தன் இஷ்டத்துக்குக் குடிக்க முடிந்தவரை உடம்பே அளவு வைத்துவிடுகிறது. இஷ்டத்துக்குக் குடிக்க முடியாதவர்கள் பாடுதான் கஷ்டம். விருந்தில் மறுத்தால் கௌரவக் குறைச்சல், அலுவலகத்தில் ராத்திரி ஷிப்ட், மாமியார் கையால் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது... இப்படிக் குடிக்கிற காப்பியை எனக்குத் தெரிந்து எந்த ஆய்வும் தனியாக எண்ணவில்லை.

அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி மரபணு அறிக்கை வாங்கியிருந்தாள். ‘நீங்கள் கஃபீனை மெதுவாகக் கரைப்பவர், காப்பியைக் குறையுங்கள்’ என்று வண்ணப்படம் போட்டு வந்திருந்தது. ஆனால் அவள் ராத்திரி எட்டு மணிக்குக் கெட்டிக் காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவள். “சித்தப்பா, இதுல எது நிஜம்? நானா, பேப்பரா?” என்று கேட்டாள். இரண்டுமே நிஜமாக இருக்கலாம். கரைப்பது ஒரு மரபணு என்றால், மூளையில் அடினோசின் ஏற்பியை உருவாக்குவது அடோரா2ஏ என்ற வேறொன்று. காப்பியால் தூக்கம் கலைவதும் பதற்றம் வருவதும் அதன் வகைகளைப் பொறுத்தும் மாறுகின்றன. ரத்தத்தில் கஃபீன் நெடுநேரம் தங்கினாலும் மூளை அசைந்துகொடுக்காதவர்கள் உண்டு. நாளைக்கு அவள் பிள்ளை உண்டானால் இந்தக் கணக்கும் மாறும்: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கஃபீனில் பாதி வெளியேற 15 மணி நேரம் வரைகூட ஆகும். அதனால்தான் கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் சேர்க்கக்கூடாது என்கிறார்கள். பிறந்தபோது வந்த ஓர் எழுத்தை வைத்து வாழ்நாள் முழுக்கத் தீர்ப்புச் சொல்வது, தாத்தாவின் குறட்டையை வைத்துச் சொன்ன தீர்ப்பைவிடப் பெரிதாக மேலானது இல்லை. மாலைக் காப்பியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால் தெரியவரும் உண்மைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்பா காலமான பிறகு அம்மா சென்னையில் எங்களோடு வந்து இருக்கிறாள். வந்த அன்றே என் மனைவி சொன்னாள்: “அத்தை, இனிமே இந்த வீட்ல முதல் டிகாஷன் உங்களுக்குத்தான்.” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று. எல்லாம் புதுத் தூள், கெட்டி டிகாஷன். அந்த வீட்டின் அவமதிப்பு அவளுக்குக் கஃபீனைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தூளில் இருக்கும் கஃபீனில் பெரும்பகுதி முதல் தண்ணீரிலேயே இறங்கிவிடும். இந்த வீட்டின் மரியாதை அதை நிறைத்துக் கொடுத்தது. தூக்கம் அடியோடு போயிற்று. படபடப்பு, தலைசுற்றல். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு ஏறியது. தூக்க மாத்திரையும் சேர்ந்தது. வயதானால் அப்படித்தான் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அப்பா போன துக்கம் என்று இன்னோரிடத்தில்.

கடைசியில் எங்கள் தெருமுனையில் புதிதாக வந்த ஓர் இளம் டாக்டர்தான் கேட்டார்: “அம்மா, சாயங்காலக் காப்பி எத்தனை மணிக்குக் குடிப்பீங்க? டிகாஷன் கெட்டியா, தண்ணியா?” அறுபது வருஷத்துக்கு மேல் காப்பி குடித்த அம்மாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டு ராத்திரிகளை, விருந்தாளி வந்த ராத்திரிகளை எல்லாம் அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல, அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு முழுதும் கேட்டார். மரபணுப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. பகல் பன்னிரண்டுக்கு மேல் காப்பி வேண்டாம் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

மாலைக்கென்று அம்மாவுக்குத் தனியாக ஒரு சின்ன பில்டர் வாங்கினோம். அதில் தூளைப் பேருக்குப் போட்டு, மிச்சமெல்லாம் சிக்கரி. கும்பகோணத்தில் சிக்கரி என்றால் தாத்தா முகம் சுளிப்பார். பீபரிக் காப்பித் தூளில் ஒரு குந்துமணி சிக்கரி கலந்திருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. நிறமும் கசப்பும் உண்டு. கடையில் கலந்து விற்பதில் பாதிக்கு மேல், 51 சதவீதமாவது, காப்பி இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே சிக்கரியைத் தனியாக வாங்கி வீட்டிலேயே கலக்கிறோம். அம்மாவுக்கு அதன் ருசி பிடிக்கவில்லை. “இதெல்லாம் காப்பியில சேத்தியா?” என்று கேட்டுக்கொண்டே குடிக்கிறாள். தூக்கம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். எண்பதை நெருங்கும் உடம்பு. ஆனால் படபடப்பு இல்லை. தூக்க மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார்.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுக்குக் கெட்டிக் காப்பி வேண்டியிருந்தது. அம்மாவே போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய், அலமாரியில் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்த மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து அத்தை முன்னால் விரித்தாள். “பாருங்க அண்ணி, டாக்டரே எழுதியிருக்கார். கவலைப்படற புத்தியெல்லாம் இல்லையாம். காப்பிதானாம்.” அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “எனக்கு ஒண்ணும் பண்ணலியேடி” என்றாள். “உங்களுக்குப் பண்ணாது. எனக்குப் பண்ணும்” என்றாள் அம்மா.